மதில் பொந்தில் ஒரு டப்பா

எங்கள் சந்தில் எனக்குக் 'கல்லுப் பைத்தியம்' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா மட்டும் நேரிலேயே சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சைக்கிளை வெளியே எடுத்ததும் வாசலில் வந்து நின்றுகொண்டு, "பொண்ணு பாக்கப் போற வயசுல இவன் கல்லு பாக்கப் போறான்" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி அறிவிப்பாள். பிறகு உள்ளே போய் ஒரு பாட்டிலில் மோர் ஊற்றிக்கொண்டு வந்து கையில் திணிப்பாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரன் நான். நகரசபை வேலைக்காகத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். எனக்குத் தமிழைவிட மலையாளம்தான் வேகமாக எழுத வரும். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததே ஒரு வீம்புக்குத்தான். கல் தேடும் பழக்கம் எனக்கு எத்தனையோ சந்தோஷம் கொடுத்திருக்கிறது. அக்காவின் மடியிலிருந்து ஒரு குழந்தை போனதும் அதே பழக்கத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு டப்பாவால்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தொண்ணூறுகளின் நடுவில் பஜார் ரோட்டை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு இருந்தேன். ஒருநாள், வீட்டுக்குப் பிளான் வரைந்து கொடுப்பவர் ஒருவர் பழைய வரைபடம் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மெஷினைவிடப் பெரிய தாள். துண்டு துண்டாக நகல் எடுத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஓரங்களைப் பொருத்தும்போதுதான் கவனித்தேன். அங்கங்கே 'பி.எம்.' என்று இரண்டு ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஓர் எண். எங்கள் சந்து திரும்பும் இடத்திலும் ஒன்று இருந்தது. என்ன இது என்று கேட்டேன். அந்தக் காலத்தில் சர்வே எடுத்தவர்கள் கல்லில் வெட்டி வைத்த குறி, பெஞ்ச் மார்க் என்பார்கள், கடல் மட்டத்துக்கு மேலே அந்த இடம் எவ்வளவு உயரம் என்பதுதான் அந்த எண் என்றார். "இப்ப அதெல்லாம் எவன் பாக்கறான்" என்று சேர்த்துக்கொண்டார். எவன் பார்க்கிறான் என்று யாராவது சொல்லிவிட்டால் நான் பார்த்தே ஆக வேண்டும். மை சரியாகப் பிடிக்காத ஒரு நகலைக் குப்பையில் போடாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சந்து திரும்பும் இடத்தில் ஓடைக்கு மேலே ஒரு சின்னக் கல்பாலம் உண்டு. சின்ன வயதிலிருந்து அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கால் ஆட்டியவன் நான். பாசியைச் சாவியால் சுரண்டினேன். ஒரு படுக்கைக் கோடு, கீழேயிருந்து அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஓர் அம்பு. அவ்வளவுதான். என் கால் தினமும் பட்ட இடத்தில் யாரோ உளியால் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று அக்காவிடம் ஓடினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கடலைவிட நாம எவ்வளவு உயரத்துல இருக்கோம்னு அதுல இருக்குக்கா."

"மழைக்காலத்துல அடுக்களைக்குள்ள தண்ணி வந்து நிக்குதே, அது போதாதா உயரம் தெரிய?" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. கல்வத்திக் கால்வாய்ப் பாலங்கள், பழைய பண்டகசாலைகளின் அஸ்திவாரக் கல், சர்ச் வாசற்படி என்று வரைபடத்தில் எங்கெல்லாம் அந்த எழுத்து இருந்ததோ அங்கெல்லாம் போய்க் குனிந்து பார்ப்பேன். ஒரு மனிதன் சுவரின் அடிப்பகுதியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள்! "சேட்டா, எத்ர அடி எடுக்கும்?" என்று கடைக்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். இல்லை, சும்மா ஒரு குறியைத் தேடுகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். சும்மா என்ற வார்த்தையை யாரும் நம்புவதில்லை. மிளகுப் பண்டகசாலைக் காவல்காரர் ஒருவர் என்னைத் திருடன் என்றே முடிவு செய்து சட்டையைப் பிடித்தார். நானும் அவர் சட்டையைப் பிடித்தேன். இருவரும் அப்படியே நின்றபோது அவருடைய காலுக்குப் பக்கத்தில் அந்த அம்புக்குறி தெரிந்தது. சட்டையை விடாமலே விரலால் காட்டினேன். அவரும் விடாமலே குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சாயா குடிக்கப் போனோம்.

படகேறி வைப்பினுக்குப் போனேன். பஸ் பிடித்துத் திருப்பூணித்துறைக்குப் போனேன். காக்கநாட்டுப் பக்கம் மேடு ஏற ஏற வரைபடத்தில் எண்ணும் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். தேடியதில் பாதிக்குமேல் கிடைக்கவில்லை. தாருக்கு அடியில் போனது, இடித்த கட்டடத்தோடு போனது, டைல்ஸ் ஒட்டி மறைத்தது. கிடைக்காத நாளில் வரும் எரிச்சல் இரண்டு நாள் இருக்கும். இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்களிடம் முதலில் சண்டை போட்டேன், அப்புறம் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்ளப் பழகினேன். ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் காரியத்துக்கு நிற்கிறவனுக்கு, யாருக்கும் வேண்டாத ஒரு காரியம் தனக்கே தனக்கென்று இருப்பது பெரிய நிம்மதி. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கடை ப்ரௌசிங் சென்டர் ஆயிற்று. நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. ஃபோர்ட் கொச்சியில் தங்கும் வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு மெயில் அனுப்ப வருவார்கள். அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது.

எங்களுடையது லைன் வீடுகள். ஒரே ஓடு, நடுவில் சுவர், பொதுவாக ஒரு குழாய். பின்பக்கம் ஒரு பண்டகசாலையின் உயரமான பழைய மதில். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் மகனும் எங்களைப் போலத் தென்காசிப் பக்கம்தான், ஆனால் பிழைக்க வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மகன் கொத்தனார். மருமகள் எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை செய்தாள். பெரியம்மாவுக்கு மூட்டுவலி, குழந்தையைத் தூக்கி நடக்க முடியாது. அதனால் மருமகள் காலையில் படகுக்கு ஓடும்போது குழந்தையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. அத்தான் கார்ப்பரேஷன் லாரி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். இரண்டு பேரும் அந்தக் குறையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் பாப்பா வந்த பிறகு அக்கா சுக்குப் பண்டகசாலைக்கு வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். குளிப்பாட்டுவது, சோறு பிசைந்து ஊட்டுவது, காலில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். அத்தான் வேலை முடிந்து வந்தால் சட்டையை மாற்றும் முன்பே "பாப்பா எங்கே" என்பார். நான் கல் தேடப் போகும்போது கேலி செய்ய அக்காவுக்கு நேரமே இல்லாமல் போனது. எனக்கு அது ஒரு குறையாகக்கூட இருந்தது.

ஒரு தை மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல். விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், இறங்கியது, மறுபடி ஏறியது. அந்த நேரம் பார்த்துக் கொத்தனார், மதிலில் முளைத்திருந்த ஆலங்கன்றைப் பிடுங்கிவிட்டு விரிசலைச் சிமென்ட் வைத்து அடைக்கப் போனார். ஒரு பொந்துக்குள் கை போனது. கையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்தது.

நான் கடையில் இருந்தேன், பார்க்கவில்லை. திறந்து பார்த்தவர்கள் சொன்னது இதுதான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பொம்மை. ஒரு ஊக்கு. தலைமுடி சுற்றிய ஒரு ரப்பர் பேண்ட். எந்த நாட்டுக் காசு என்று தெரியாத ஒரு காசு. ஒரு காகிதக் கட்டு, அதில் யாராலும் வாசிக்க முடியாத எழுத்தில் பெயர் பெயராக. இதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு ஒருவர் வீட்டுப் பக்கம் ஒளித்து வைத்திருந்தால், தென்காசியிலிருந்து வந்தவர்களுக்கு அது செய்வினை. மலையாளிகளுக்குக் கூடோத்திரம். இரண்டு பாஷைக்காரர்களும் இந்த ஒரு விஷயத்தில் உடனே ஒத்துப்போனார்கள்.

வைப்பினிலிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார்கள். அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. கெட்டிக்காரர், சொல்லவும் மாட்டார். குழந்தை இல்லாத கை, குழந்தைமேல் ஆசை வைத்த கை, தினமும் இந்த மதிலைத் தொடுகிற கை என்று மட்டும் சொன்னார். அக்கா துணி துவைக்கும் கல் அந்த மதிலடியில்தான் இருந்தது. சோப்பை வேறொரு விரிசலில்தான் சொருகி வைப்பாள். பெரியம்மா அக்கா பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அக்காவின் மடியில் இருந்த பாப்பாவைப் பெரியம்மா வந்து வாங்கிக்கொண்டு போனாள். டப்பாவைச் சிவப்புத் துணியில் சுற்றி, படகில் போகும்போது நடுக்காயலில் போட்டுவிட்டார் மந்திரவாதி. அடுத்த வாரமே மருமகளையும் பாப்பாவையும் தென்காசிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த மண்ணிலேயே குழந்தை இருக்கக் கூடாதாம்.

நான் பெரியம்மா வீட்டு வாசலில் நின்று கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. அக்காதான் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "கத்தினா உண்மைன்னு ஆயிடும்டா" என்றாள். அன்றைக்கு அவள் அழுததைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். அதற்கு முன் அவள் அழுது நான் கேட்டதே இல்லை.

அந்தச் சீசனில் எங்கள் சென்டருக்குத் தினமும் வரும் வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் மேஜையில் விரித்து வைத்திருந்த என் கிழிந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, நீயும் தேடுகிறவனா என்று முகம் மலர்ந்தார். பையிலிருந்து தடித்த செல்போன் மாதிரி ஒரு கருவியை எடுத்தார். ஜி.பி.எஸ். வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளைக் கேட்டு நாம் நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்லும் என்றார். உலகம் முழுக்க ஒரு விளையாட்டு நடக்கிறது, ஒருவர் ஒரு பொருளை எங்காவது ஒளித்து வைத்து இடத்தின் எண்ணை இன்டர்நெட்டில் போடுவார், மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிப்பார்கள், ஜியோகேஷிங் என்று பெயர் என்றார். மட்டாஞ்சேரியில்கூட ஒன்று இருக்கிறது, மூன்று தடவை பஜார் ரோட்டுப் பக்கம் தேடியும் தனக்குக் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார்.

அந்தச் சோகத்திலும் எனக்கு ஆசை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரோடு கிளம்பினேன். கருவியில் தூரம் குறைந்துகொண்டே வந்தது. பஜார் ரோட்டிலிருந்து திரும்பச் சொன்னது, திரும்பினோம். கல்பாலத்தைத் தாண்டச் சொன்னது. எங்கள் சந்துக்குள்ளேயே நுழையச் சொன்னது. உயர்ந்த மதில்களுக்கு நடுவில் அதற்குச் சாட்டிலைட் சரியாகக் கேட்கவில்லை, எண்கள் முன்னும் பின்னும் தாவின. ஆனால் சுற்றிச் சுற்றி அக்காவின் துவைகல்லுக்கே வந்து நின்றது. என்ன மாதிரிப் பொருள் என்று அப்போதுதான் கேட்டேன். சின்னப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பொம்மை, ஊக்கு, காசு மாதிரி அற்பச் சாமான்கள், கண்டுபிடித்தவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள், பெயர் எழுத ஒரு காகிதக் கட்டு என்றார். அவர் சொல்லிக்கொண்டே போக, நான் புதுச் சிமென்ட் பூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். அவரை நேரே பெரியம்மா முன் கொண்டுபோய் நிறுத்தி, கருவியைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன். பெரியம்மா பொறுமையாகத்தான் கேட்டாள்.

"வெள்ளைக்காரன் ஏரோப்ளேன்ல ஏறி வந்து, நம்ம மதிலு பொந்துல ஊக்கையும் பொம்மையையும் ஒளிச்சு வச்சிட்டுப் போவானா?"

"ஆமா பெரியம்மா."

"எதுக்கு?"

"இன்னொருத்தர் வந்து தேடறதுக்கு."

"தேடிக் கண்டுபிடிச்சா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. பேர் எழுதிட்டுப் போவாங்க."

பெரியம்மா என் முகத்தையே பார்த்தாள். "அக்காமேல உனக்குப் பாசம் இருக்கும்டா. அதுக்காக இப்படியா? இந்தாளை நீதானே கூட்டிட்டு வந்தே" என்றாள்.

அவள் இடத்தில் நின்று யோசித்தால் செய்வினைதான் நம்பத்தக்கது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒரு ஆசை இருக்கிறது, ஒரு பகை இருக்கிறது. என் கதையில் எதுவுமே இல்லை. ஒரு காரணமும் இல்லாமல் மனிதர்கள் எதையாவது செய்வார்கள் என்பதை நான் எப்படி நிரூபிப்பது? இத்தனை வருஷமாக அந்தச் சந்தில் என்னையே அவர்களுக்கு நிரூபிக்க முடியவில்லையே.

டப்பாவை ஒளித்து வைத்தவருக்கு இணையம் வழியாகவே எழுதினேன். எங்கோ பனி பெய்யும் ஊரில் இருந்த அந்தப் பெண்மணி உடனே பதில் போட்டார். ஒரு பயணத்தில் வந்தபோது வைத்தாராம், அந்தப் பொந்தின் படமும் அனுப்பினார், மன்னிப்புக் கேட்டிருந்தார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். கொத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க கடையில அடிச்சதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடம் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. அவர் கேட்டதில் என்ன தப்பு?

அன்றைக்குத்தான் ஒன்று தெளிவாயிற்று. நான் கூட்டி வருகிற ஆளும் சாட்சியாக மாட்டார், நான் கொண்டு வருகிற காகிதமும் சாட்சியாகாது. என்னைத் தெரியாத ஒருவர், தானாகவே வந்து, அந்த மதிலில் கை வைக்க வேண்டும். பனியூர் அம்மாளுக்கு மறுபடி எழுதினேன். டப்பா போய்விட்டது என்று அறிவித்து அந்த இணையப் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள், யாராவது தேடி வரட்டும் என்று கெஞ்சினேன். இல்லாத பொருளைத் தேடி ஆட்களை வரவைப்பது விளையாட்டு விதிக்கு விரோதம் என்றார். காரணத்தைச் சொன்னதும் சரி என்றார்.

சீசன் முடிந்து தபால்காரர் ஊருக்குப் போனார். மழை வந்தது. மழைக்காலத்தில் எந்த வெள்ளைக்காரன் வருவான்? அக்கா வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். குழாயடியில் எல்லோரும் பிடித்துப் போன பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். சந்தில் வேறு யாராவது கைக்குழந்தையோடு வந்தால் கதவைச் சாத்திவிடுவாள், கண் பட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. பாப்பாவின் பால்பாட்டில் ஒன்று எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அத்தான் அதைப் பரணில் எடுத்து வைத்தார். நான் ஞாயிற்றுக்கிழமை கல் தேடப் போவதை நிறுத்தினேன். எங்கேயும் போகாமல் துவைகல்லுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஊரெல்லாம் தேடி அலைந்தவன், ஒருவர் தேடி வரமாட்டாரா என்று காத்துக் கிடந்தேன்.

"போடா, போய்க் கல்லு பாரு" என்றாள் அக்கா ஒருநாள். "வராதுடா அது."

வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, குழாயில் தண்ணீர் வரும் நேரம். சந்தில் பெண்கள் எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் ஒரு பையன் மாதிரி இருந்த அவள் புருஷனும் கையிலிருந்த கருவியையே பார்த்துக்கொண்டு தட்டுத் தடுமாறி உள்ளே வந்தார்கள். நான் ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கெட்டது. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். குழாயைத் தாண்டிப் போனார்கள். துவைகல் அருகே நின்றார்கள். அந்தப் பெண் மதிலைத் தடவித் தடவிப் பார்த்து, சிமென்ட் பூச்சுக்குப் பக்கத்து விரிசலில் கையை விட்டாள்.

"ஐயோ, கை வைக்காதே மோளே!" என்று பெரியம்மா அலறினாள். மூட்டுவலிக்காரி அன்றைக்கு ஓடினாள். அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து, முந்தானையால் அவள் கையைத் துடைத்தாள். எங்கிருந்தோ வந்த ஒரு பிள்ளைக்குச் செய்வினை தொற்றிவிடக் கூடாதே என்ற பதைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. நியாயமாகப் பார்த்தால் நல்ல மனுஷிதான் அவள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது.

வெள்ளைக்காரப் பெண் பயந்துபோனாள். தாங்கள் திருட வரவில்லை என்று காட்டப் பையைத் திறந்து துவைகல்லின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். டப்பாவில் போட அவள் கொண்டுவந்த சாமான்கள். ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பொம்மை. ஒரு கலர் ஊக்கு. அவள் ஊர்க் காசு ஒன்று. பிறகு கருவியைக் காட்டி, மதிலைக் காட்டி, வெறும் கையை விரித்துச் சிரித்தாள். கிடைக்கவில்லை என்று அர்த்தம். குழாயில் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, ஒருவரும் மூடவில்லை. பெரியம்மா அந்தப் பொம்மையை விரலால் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரலை எடுக்காமலே திரும்பி என்னைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே கொத்தனார் தென்காசிக்குப் போன் போட்டார். பொங்கல் முடிந்ததும் மருமகளும் பாப்பாவும் வருகிறார்கள் என்று பெரியம்மாவே வந்து சொன்னாள். வாசற்படி ஏறாமல், நின்றபடியே சொன்னாள். அக்கா "சரி பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள். ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் வீடே வேறு மாதிரி ஆகிவிட்டது. பரணிலிருந்து பால்பாட்டில் இறங்கியது. அதைப் பார்த்து, "ஒண்ணரை வயசுப் பிள்ளை இதுலயா குடிக்கும்" என்று அக்காவே சிரித்துக்கொண்டாள். அத்தான் ஒரு தள்ளு வண்டிப் பொம்மை வாங்கி வந்தார். என்னைப் பார்த்து, "கல்லுப் பைத்தியம், போய் மோர் குடி" என்றாள் அக்கா. அந்தக் கேலியைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

அவர்கள் வந்த அன்று நான் கடைக்குப் போகவில்லை. அக்கா காலையிலேயே குளித்துப் பூ வைத்துக்கொண்டாள். மத்தியானம் பெரியம்மாவும் மருமகளும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். தட்டில் முறுக்கும் அதிரசமும். பெரியம்மா தட்டை வைத்துவிட்டு, "மனசுல வச்சுக்காதே தாயி. நீ வைக்கலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள். இப்போதுதானா? பேர் தெரியாத ஒருத்தி வந்து பொந்தில் கையை விட்ட பிறகுதானா? இத்தனை வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்ததில் தெரியவில்லையா? இதெல்லாம் என் வாய்வரை வந்துவிட்டது. அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன்.

பெரியம்மா சொன்னது அவள் காதிலேயே விழவில்லை என்று நினைக்கிறேன். பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டிருந்தாள் குழந்தை. தலைநிறைய முடி, காலில் கொலுசு, வாய் நிறையப் பல். அக்கா இரண்டு கையையும் நீட்டி, "வாடி என் தங்கம்" என்றாள். பாப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதுகொண்டே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அத்தைடி, உன் அத்தைடி" என்று மருமகள் தோளைக் குலுக்கினாள், அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து இதைச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். அழவில்லை. குழந்தையின் முதுகைக்கூடத் தொடாமல், கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். புது ஊரில் புது மனுஷரிடம் பேசுவது மாதிரித் தணிந்த குரலில் சொன்னாள்:

"பயப்படாதே பாப்பா. நான் பக்கத்து வீடு."